இல்லாத குடல்வாலின் வலி

அன்பு மகளுக்கு, இங்கே நானும் அப்பாவும் தையல் மெஷினும் நலம், மூன்றில் மெஷின் மட்டும்தான் முனகாமல் ஓடுகிறது. உன் நலம்தான் தெரியவில்லை. போனை எடுக்க மாட்டாய், படம் வந்தால் மட்டும் பார்ப்பாய் என்பதால் காகிதத்தில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

இன்று காலை சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி ஒரு வலி வந்தது, மெல்ல நடந்து வலது அடிவயிற்றில், பழைய தழும்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷமே எடுத்துப்போட்ட குடல்வால். ஸ்கேன் எடுக்கப் போனால், அங்கிருந்த டாக்டர், சரியான சிடுமூஞ்சி, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இல்லாதது எப்படிம்மா வலிக்கும்?" என்றார். எங்கள் வீட்டில் இல்லாததுதான் எப்போதும் வலிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், வயிற்றை அழுத்திக்கொண்டிருப்பவரிடம் வாயாட வேண்டாமென்று விட்டுவிட்டேன். இந்தக் குடல்வால் நோய் எதனால்தான் வருகிறது என்று கேட்டேன். உன் அத்தை கொய்யா விதை என்பாள், அப்பா என் வாய்க்கொழுப்பு என்பார். டாக்டர் சொன்னதோ வேறு: பெரும்பாலும் கெட்டிப்பட்ட மலம் ஏதாவது அதன் வாயை அடைத்து வீங்கிச் சீழ் பிடிக்குமாம், சில சமயம் காரணமே தெரியாதாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானாம். பெண்ணுக்குப் பக்கத்திலேயே சினைப்பை குடியிருப்பதால் பழி அடுத்த வீட்டுக்காரிமேல் விழுகிறதாம். நானும் அன்று மாதாந்திர வலி என்று மூன்று நாள் வெந்நீர்ப் பையோடு குடித்தனம் நடத்தியவள்தானே.

வீடு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், நீ கூப்பிட்டாய். என் வலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நீயாகச் சொன்னாய், "தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு இப்ப வலது பக்கம் வந்துடுச்சு, மாசாமாசம் வர்றதுதாம்மா." தேதி கேட்டேன், இன்னும் பத்து நாள் இருக்கு என்று சிரித்தாய். இது குடல்வால்தான், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். சற்று முன் மறுபடி கூப்பிட்டு, "சுத்தமா விட்டுடுச்சு, சும்மா பயமுறுத்தாத" என்று வைத்துவிட்டாய். அந்த நிமிடம் என் வலியும் நின்றது, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல. அன்றும் எனக்கு இப்படித்தான் திடீரென்று நின்றது. நல்லாயிடுச்சு என்று உட்கார்ந்து தலை வாரிக்கொண்டேன். உள்ளே அது வெடித்திருந்தது.

அதனால் வலி போய்விட்டதே என்று படுத்துவிடாதே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. எதையும் சாப்பிடாதே. உன் வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் பேசிவிட்டேன், காரோடு வாசலில் நிற்பார், கதவைத் திற. அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று போகிற வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே போ. நூறு வயசுவரை இருந்து என்னைத் திட்டு, கண்ணு. எனக்கு இங்கே இன்னும் வலி திரும்பவில்லை, திரும்பினால் தேவலை, நீ அங்கே இருக்கிறாய் என்றாவது தெரியும்.

வயிற்றில் கையை வைத்தபடி,
உன் அம்மா