கார்புரேட்டர் கை

வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? நம் சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேடிக்கை. ஒரு பழைய காரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்ரோல் அளக்கும் இன்ஜெக்‌ஷனை மாட்டினோம். சும்மா நிற்கும்போதே ரேஸ் கொடுத்த மாதிரி உறுமியது. எங்காவது காற்றுக் கசிகிறதா என்று ஹோஸ் ஹோஸாகத் தடவிப் பார்த்தேன், இல்லை. ஃபோர்மேன் வந்து குனிந்து பார்த்தார்.

“ஐடிலிங் ஸ்க்ரூவ யாருய்யா முறுக்கினது?”

நான்தான். மாட்டிய கையோடு, கார்புரேட்டரில் சும்மா நிற்கும் வேகத்தைக் கையால் வைத்த பழக்கதோஷத்தில், யாரையும் கேட்காமல் அரைச் சுற்று முறுக்கியிருக்கிறேன்.

“காத்து போற த்ராட்டில் முழுசா மூடினாத்தான்யா கம்ப்யூட்டர் ஐடிலிங்கத் தன் பொறுப்புல எடுத்துக்கும். இப்ப நீ ஆக்சிலேட்டர மிதிச்சுட்டே இருக்கறதா அது நினைக்குது.”

ஸ்க்ரூவைத் திருப்பி விட்டேன். வண்டி பெட்டிப்பாம்பாக அடங்கியது.

ஆகையால் வீட்டு ஸ்க்ரூவிலிருந்தும் கையை எடுத்துவிட்டேன். பெரியவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, தண்ணீர் மோட்டாரை மாற்றுவதா வேண்டாமா என்று ஃபோனில் நான் போட்ட சட்டமெல்லாம் ரத்து. நீயே முடிவு செய்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கை துடைக்க உன் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்பு. இங்கேயும் துணி கிடைக்கும்தான்.

ஷட்டரைத் தூக்குகிறார்கள், ஓடுகிறேன். முடிவு செய்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. கையை வைக்கமாட்டேன்; கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

உன் மெக்கானிக்