தோலி கணவாயில் இடம் மாறிய கற்கள்

அன்பு மகள் கோமதிக்கு,

உன் மாமன் மகன் ஹரக் சிங் தோலி கணவாயின் அடையாளக் கற்குவியல்களை இடம் மாற்றி வைத்தான். அதை நம்பி இறங்கிய உன் தம்பி பிஷனின் இடது காலில் மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நலம் கேட்பதற்கு முன் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. நீ நலமா, அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி போதுமா? எனக்கு ஒன்றும் இல்லை, கோபமே உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது.

மேல் புல்வெளியிலிருந்து ஆடுகளை இறக்கிய அன்று கை நீட்டினால் கை தெரியாத மூட்டமாம். அப்படிப்பட்ட நேரத்தில் நாம் பாதையைப் பார்ப்பதில்லை, ஒரு குவியலைத் தொட்டு அடுத்ததைத் தேடித்தான் இறங்குவோம், நீயும் அப்படி இறங்கியவள்தான். பிஷனும் தொட்டுத் தொட்டுத்தான் வந்தான். வந்து நின்ற இடம் ஓடைக்கரை அல்ல, பனிச்சரிவு. நகரத்திலிருந்து மலையேற வருகிறவர்கள் தான் வாடகைக்கு விடும் கூடாரங்கள் வழியாகவே போக வேண்டும் என்று ஹரக் ஆறு குவியல்களைத் தள்ளி வைத்திருக்கிறான். முப்பத்தொரு ஆடுகள் சரிந்து போயின. மீதியை விட்டு வர மனமில்லாமல் பிஷன் இரண்டு நாள் பனியிலேயே கிடந்தான், விரல்கள் கருகியது அங்கேதான்.

ஊர்ச்சபையில் ஹரக்கைக் கேட்டேன். "கல்லுதானே அத்தை, எங்க இருந்தா என்ன? உங்க புள்ள கண்ணைத் தொறந்துகிட்டு நடந்திருக்கலாம்ல" என்று சிரித்தான். "நீ நடை பழகுனதே என் விரலைப் புடிச்சுதாண்டா. இப்ப என் மகனோட மூணு விரலைக் குடுத்துட்டுப் பேசு" என்றேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. ஆனாலும் கற்களைத் திருப்பி வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

சொந்தம்தானே, விட்டுவிடு என்று நீ எழுதுவாய், தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் தன் போனில் ஹரக்கின் இணையப் பக்கத்தைக் காட்டினார். யாரும் அறியாத பாதை என்று போட்டிருக்கிறான். அந்த வரைபடத்தில் இடம் மாறிய கற்கள், அடியில் வரைந்தவள் என்று உன் பெயர். அவன் அனுப்பிய இடங்கள் மாற்றியவை என்று அறியாமல் வரைந்தாய் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது அறிந்துவிட்டாய்.

நியாயம் கேட்டு எழுதிக் கோயிலில் கட்டினால் தீர்ப்புச் சொல்லும் நம் கோலு சாமிக்கு முத்திரைத்தாளில் நானே மனு எழுதிவிட்டேன். எழுத்துப் பிழையை அவர் பொறுப்பார், அநியாயத்தைப் பொறுக்கமாட்டார். குற்றம் செய்தவன் என்ற இடத்தில் ஹரக்கின் பெயர் இருக்கிறது.

இனி நடக்க வேண்டியதைக் கேள். பனி உருகியதும் ஹரக் ஆறு குவியல்களையும் தன் முதுகிலேயே சுமந்து பழைய இடத்தில் வைக்க வேண்டும். பிஷன் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து இடம் காட்டுவான். அதுவரை நம் பெண்கள் யாரும் வருஷா வருஷம் போடும் மரப்பாலத்தை ஓடைக்குப் போடமாட்டார்கள், அது இல்லாமல் அவன் கூடாரங்களுக்கு யாரும் போக முடியாது. வனப் பஞ்சாயத்துத் தலைவி நான், காட்டில் மரம் வெட்ட என் கையெழுத்து வேண்டும், அது கிடைக்காது. நம் ஆடுகளும் இந்தக் கரையிலேயே மேயட்டும். உன் மாமா தன் மகனுக்காகத் தூது வரக் கூடாது. நந்தா தேவி உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. நீ செய்ய வேண்டியது இதுதான்: அந்த வரைபடத்தை அவன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, எடுத்தேன் என்று எனக்கு எழுது. வைகாசி முதல் நாள் கோயிலுக்குப் போகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் அவன் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதித்தான் மனுவைக் கட்டுவேன்.

உன் அம்மா,
ருக்மா தேவி
ரால்தி கிராமம்