நான் விழவில்லை

மன்னார்புரம்,
6.1.2025

அன்புள்ள அழகிரிக்கு,

நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. எங்கேயும் விழவில்லை. அந்தக் கதையை ஸ்ரீரங்கம் முழுக்கப் பரப்பியிருக்கிறாய். உன் மைத்துனி பிரேமலதா தைலப் புட்டியோடு வந்து, "பாத்து நடக்கக் கூடாதாங்க அத்தை?" என்று எனக்கு உபதேசம் செய்துவிட்டுப் போகிறாள்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன், இடுப்பில் வலி வெட்டியது. அவ்வளவுதான். எலும்பு டாக்டர், "எப்பம்மா விழுந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நீ முந்திக்கொண்டாய். "பாத்ரூம்ல சார். வயசாச்சு, சொன்னா கேக்க மாட்டாங்க." நான்கு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதே இடுப்பில் ரேடியேஷன் வைத்ததை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. உன் மகள் இளவேனிலுக்கு வரன் பார்க்கிற நேரமாம்.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். ஸ்கேனில் தெரிகிற விரிசல் நோய் திரும்பியதாலா, ரேடியேஷனாலா என்று பார்க்கப் பழைய ஃபைலைக் கேட்கிறார். அது உன் பீரோவில் இருக்கிறது. அனுப்பு. போன் செய்யாதே, சமாதானம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய்.

அம்மா

திங்கட்கிழமை

அம்மாவுக்கு வணக்கம்.

கோபப்படாதீங்க. ஃபைலைப் போன மாதமே கிழித்துப் போட்டுவிட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆவது? உங்களுக்குத்தான் குணமாகிவிட்டதே என்று நினைத்தேன். விழுந்ததாகவே இருக்கட்டும் அம்மா. அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அழகிரி

மன்னார்புரம்,
20.1.2025

அழகிரிக்கு,

'திங்கட்கிழமை' என்பது தேதி ஆகாது.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டிருக்கிறாய். புற்று எலும்புக்கு வந்துவிட்டது என்று இரண்டு வாரம் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தவள் நான். வாக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரேடியேஷன் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் நகல் கொடுத்தார்கள். அதைக்கூட யோசிக்காமல் கிழித்திருக்கிறாய்.

எலும்பு டாக்டர் படித்துவிட்டு, "நோய் திரும்பலம்மா. ரேடியேஷன் பட்ட எலும்பு பலம் கொறஞ்சு, விழாமலே விரிசல் விடும். மொத நாளே உங்க மகன் சொல்லியிருக்கலாமே?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. நோய் வந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

ஆஸ்பத்திரிப் படிவத்தில், எனக்காகப் பேசுகிறவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு எதிர்வீட்டுக் கலைமதியின் பெயரை எழுதிவிட்டேன். நான் சொன்னதை அப்படியே சொல்லத் தெரிந்த பெண். இனி என்னோடு டாக்டரிடம் நீ வர வேண்டாம்.

இதைப் படித்தாய், புரிந்துகொண்டாய் என்று இரண்டு வரி எழுதி அனுப்பு.

ஆனந்தவள்ளி