மருந்து வைக்கிற ஆள்

8 ஜூன் 2009, திங்கள்
கச்சான் காற்று. நெருப்பாக அடிக்கிறது.

மூட்டை: இவர் உடுக்கிற சாரன் ஆறு, பழைய துணி, சுடுதண்ணிப் போத்தல், தொழுகைப் பாய், டாக்டர் எழுதித் தந்த துண்டுகள்.

இவருக்கு மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஆறு கிழமை கொழும்புப் பக்கம் அறை எடுத்துத் தங்கி மருந்தும் கரண்டும் பிடிக்க வேண்டுமாம். கரண்ட் என்றால் கட்டியைக் கருக்குகிற கதிராம்.

"நஸீராவக் கூட்டிப் போறன். அவளுக்குச் சிங்களம் தெரியும்" என்கிறார். இருபத்தாறு வருஷம் சோறு போட்டவள் நான் என்னவாம்? சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்தவள், பாவம் என்று நாலு வருஷத்துக்கு முன் அவளை நிக்காஹ் செய்தார். நானும் தலையாட்டினேன். மடச்சி.

"நானும் வாறன்." வேறு கதை இல்லை.

9, செவ்வாய்
பஸ். சண்டை முடிந்து மூன்று கிழமை. ஒரே ஒரு செக்பொயின்ற்றில்தான் இறக்கினார்கள்.

இவரால் சீட்டில் இருக்க முடியவில்லை. நஸீரா, நடுவில் ஓட்டை விட்டுத் தைத்த தலகணி ஒன்றை எடுத்து நீட்டினாள். "நல்ல சொகமாக் கிடக்கு" என்றார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? வழி நெடுக வயிறு எரிந்தது.

11, வியாழன்
டாக்டர் சொன்னது (நஸீரா சொல்லித்தான் எனக்கு விளங்கியது, அதுவும் ஒரு கொதி): மருந்தை உடம்பு முழுக்க ஏற்றாமல் கட்டி இருக்கும் இடத்திலேயே வைப்பது. மெழுகுக் குளிசை மாதிரி, பின்வழியாக உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் அறையில் வைத்து, ஒரு மணித்தியாலம் படுக்கவிட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் கரண்ட். கையுறை கட்டாயம்.

வீட்டாள் ஒருத்தர் பழக வேண்டும் என்றாள் நர்ஸ். நஸீரா எழும்பிவிட்டாள். இவர் என்னைக் காட்டினார். "இவ செய்வா."

யா அல்லாஹ், எவ்வளவு சந்தோஷம்! நர்ஸுக்கு முன்னால் சிரித்தே விட்டேன். நஸீராவின் முகம் கறுத்தது. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

15, திங்கள்
முதல் நாள். கையுறையைப் போட்டு மருந்தை வைத்தேன். ரத்தம் கொஞ்சம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நஸீராவை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டச் சொன்னார். எனக்குப் பெருமை.

18, வியாழன்
இவருக்கு வயிற்றோட்டம். மூன்று சாரன் கழுவினேன்.

மருந்து வைத்து முடிந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அத்தர் கேட்டார். சீப்புக் கேட்டார்.

"இப்ப என்னத்துக்கு அத்தர்?"

"நஸீரா உள்ளுக்கு வருவாளே. இந்த நாத்தத்தில அவள் என்னப் பாக்கப்படாது. வெக்கமாக் கிடக்கு."

"எனக்கு முன்னுக்கு?"

"உனக்கு முன்னுக்கு என்னகா வெக்கம்?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் என் முன்னால் வாய் திறந்து கொட்டாவிகூட விடாத மனுஷன் இவர். அந்த வெட்கம் இப்போது அவளுக்கு. எனக்குச் சாரன் கழுவல்.

19, வெள்ளி
இவர் ஜும்மாவுக்குப் போக முடியாமல் படுத்திருந்தார். குழாயடியில் நஸீரா அழுதுகொண்டு நின்றாள்.

"ராத்தா, நீங்க குடுத்து வெச்சவங்க. என்னக் கிட்ட அண்டவும் விடுறாரில்ல. என்ன அவருக்குப் புடிக்கல்ல போல."

ஒரு சொல் போதும், இவள் அழுகையை நிறுத்திவிடுவாள். வாய்வரை வந்தது.

"ஓம்கா, என்னதான் செய்யிற" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.