மேற்குப் பார்த்த மறைப்பு

மார்கழி 4, வெள்ளி

விடிய மழை. எட்டு மணிக்கு வானம் வெளித்தது. வாடைக் காற்று மட்டும் விடவில்லை.

மாடு மேயும் தரவை வெளிக்கு அப்பால் கடல்நீரேரியில் தாரா இறங்கிவிட்டது. வாடையோடு வரும் காட்டு வாத்து. நேற்றுப் பின்னேரம் மாடு தேடிப் போனபோது கண்டேன். அண்ணையிடம் சொன்னேன். அண்ணை தானே கண்டதாக மாமாவிடம் சொன்னார். பரவாயில்லை.

தாரா பிடிக்க ஒளிந்திருக்கும் மறைப்புக்கு:
தென்னோலையில் பின்னிய பழைய கிடுகு ஆறு. வேலியில் கிடந்து மழையில் கறுத்ததுதான் வேண்டும். புதுக் கிடுகு தூரத்திலேயே மின்னும்.
பூவரசங் கம்பு.
கயிறு. (முடிச்செல்லாம் உள்பக்கம்.)
உமரிச் செடி, அங்கேயே பிடுங்கலாம். இரண்டு நாளில் வாடிவிடும், மாற்ற வேண்டும்.
நிலத்தில் போட ஒரு சாக்கு.

குந்தியிருக்கும் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது. நான் கட்டுவது ஆட்டுக்கொட்டில் மாதிரி என்று மாமா சிரிப்பார். தாராவுக்கு அது ஒரு பற்றையாகத் தெரிந்தால் போதும். மூன்று பேர் உள்ளே. மாமாவின் கையில் கயிறு, இழுத்தால் வெளியே விரித்த வலை கவிழும். அண்ணை ஓடிப்போய் வலையை அமத்துவார். நான் துவாரத்தால் பார்த்து, தாரா வலைக்குள் நடந்ததும் மாமாவின் காலில் விரலால் தொட வேண்டும். கதைக்கக்கூடாது.

கதைக்கக்கூடாத வேலை எனக்கு இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும், பின் வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்றேன். மறைப்புக்குள் இருக்கும்போது நான் மற்ற எவரையும் விடக் குறைந்தவள் இல்லை.

மார்கழி 5, சனி

மாமா ஒரு பொதியோடு வந்தார். கனடாவில் அவருடைய சிநேகிதர் அனுப்பியது. விரித்தால் தானாக எழும்பும் கூடாரம், வேட்டைக்காரருக்கென்றே செய்ததாம். துணி முழுக்கப் பச்சை இலை. அந்த இலை உள்ள மரம் எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை.

அம்மா பயந்துபோனா. "தம்பி, ஆமிக்காரன்ரை உடுப்பு மாதிரிக் கிடக்கு. ஆரும் கண்டால் வந்து விசாரிப்பாங்கள்."

"அக்கா, தாராவுக்குப் பக்கத்திலை போய் ஆர் பாக்கப் போறாங்கள்?"

அண்ணை சொன்னார், "கனடாத் தாராவுக்கெல்லோ செய்தது மாமா. எங்கடை தாரா உந்த மரத்தைக் கண்டிருக்குமே?"

மாமா சிரிக்கவில்லை. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டில் மாமா சிரிக்காத பகிடிக்கு ஒருவரும் சிரிப்பதில்லை.

என் கிடுகு ஆறும் வேலியோரம் அடுக்கியபடி.

மார்கழி 6, ஞாயிறு

இருட்டோடு போனோம். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டில் கூடாரம். இரண்டு பக்கமும் தண்ணீர். மாமா வாசலைக் கிழக்கே திருப்பினார்.

அண்ணை, "வழமையா மேற்குப் பக்கம்தானே மாமா."

"வாசல் எண்டால் கிழக்குத்தான். உன்ரை வீட்டு வாசல் எங்கை பாக்குது? நல்ல காரியத்துக்குப் போறம், மேற்கை பாத்துக்கொண்டே இருக்கிறது?"

வாடை வடகிழக்கால் அடிக்கிறது. தாரா காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கும். மேற்கே பார்த்து இருந்தால் அது எங்களை நோக்கி வரும், சூரியனும் எங்கள் முதுகில். கிழக்கே பார்த்து இருந்தால் அது முதுகுப் பக்கத்தால் வரும், வெயில் எங்கள் முகத்தில் விழும். இவ்வளவும் எனக்கு நாக்கு நுனியில் நின்றது. நின்றதோடு சரி.

தாரா வந்தது. ஒரு பெரிய கூட்டம். தலைக்கு மேல் வந்து, கூடாரத்தைக் கண்டு, வளைந்து, அக்கரைக்குப் போய்விட்டது. இரண்டாம் கூட்டமும் அப்படியே. காற்றில் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

வெயில் ஏறியதும் மாமா கயிற்றைப் போட்டார். என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ துடக்கோ?"

மாதத் தீட்டோ என்று, அண்ணைக்கு முன்னால். அண்ணை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இல்லை. இல்லை என்ற ஒரு சொல். வாயில் வரவில்லை.

"பாத்தியே," என்றார் மாமா அண்ணையிடம். "கேட்டாப் பேசாமல் நிக்கிறாள். துடக்கோடை வந்து வலையைத் தொட்டால் என்னெண்டு தாரா படும்?"

வீடு வரும்வரை அவர்களுக்குப் பின்னால் தூரமாக நடந்தேன். தூரமாக நடக்கச் சொன்னார்.

மார்கழி 7, திங்கள்

தூறல். அரிசி புடைத்தேன். அம்மாவுக்குத் தெரியும் நான் துடக்கில்லை என்று. மூன்று கிழமைக்கு முன்னமே முழுகி, பாயைக் கழுவி, நானே சாமி அறை கூட்டினேன், நேற்றுக் காலையும் விளக்கு நான்தான் வைத்தது.

"நீங்கள் மாமாவிட்டைச் சொல்லுங்கோவன் அம்மா."

"விடு பிள்ளை. ஆம்பிளையளோடை உந்தக் கதையை என்னெண்டு கதைக்கிறது. மானக்கேடு."

மாமா கேட்டபோது மானக்கேடு இல்லை. நான் இல்லையென்று சொன்னால் மானக்கேடு.

தேங்காய் எண்ணெய் முடிந்தது. சங்கக் கடையில் வாங்க வேண்டும்.

மார்கழி 9, புதன்

காற்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கள்ளி வேலியில் குத்திவிட்டது. ஒரு பக்கம் முழுக்கக் கிழிவு. மாமா அதைச் சுருட்டி உரச் சாக்கில் போட்டுக் கட்டினார். அம்மாவுக்கு நிம்மதி, வெளியே காட்டவில்லை.

அதே திட்டில் கிடக்கும் போன வருட மறைப்புக்கே திரும்புவதாம். அதன் கம்புகளில் மாடு உரசி உரசிப் பாதி சரிந்து கிடக்கிறது.

மாமா அண்ணையிடம், "நீ கட்டு. உவள் தொடவேண்டாம்."

அண்ணை ஓம் என்று தலையாட்டினார்.

மார்கழி 12, சனி

இன்றைக்கு உண்மையாகவே துடக்கு. விடியவே. அம்மாவிடம் சொன்னேன், பின்பக்கத்தில் பாயைப் போட்டேன். மாமாவுக்கும் சொல்லியாயிற்று. "நல்லது, நாளைக்கு வீட்டிலை இருக்கட்டும்."

அம்மா பருத்தித்துறைக்குக் கிளினிக். மாமா கொடிகாமம் சந்தை. அண்ணை கிரிக்கெட். மறைப்பு கட்டவில்லை, போய்ப் பார்த்தேன். கட்டவே தொடங்கவில்லை. அவர் கட்டாவிட்டால் நாளைக்கும் வெறுங்கை. வெறுங்கை என்றால் மீண்டும் யாரைச் சொல்வார்கள்?

கிடுகைத் தலையில் சுமந்துகொண்டு போனேன்.

சரிந்த கம்பைப் பிடுங்கி ஆழமாக நட்டேன். கிடுகை நிமிர்த்திக் கட்டாமல் சரித்து, பற்றை சாய்ந்த மாதிரி. வாய் மேற்கே. துவாரம் தாழ்வாக, குந்தினால் கண்ணுக்கு நேர். உள்ளே தரையில் கிடந்த சுள்ளி எல்லாம் பொறுக்கி எறிந்தேன், கால் வைத்தால் முறிந்து சத்தம் கேட்கும். உமரியை வேரோடு பிடுங்கி ஈரமாகவே செருகினேன், நாளைக்கு வாடாது. கடைசியாகப் பூவரசங் கொப்பால் என் காலடியை எல்லாம் இழுத்து அழித்தேன்.

தூரப் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

துடக்கோடு கட்டினேன்.

மார்கழி 13, ஞாயிறு

வலை நிறைய. இரண்டு உரச் சாக்கு. மாமா படலை வாசலில் நின்றே கூப்பிட்டார்.

"அக்கா, வந்து பாருங்கோ. இவ்வளவு காலத்திலை இப்பிடி அள்ளினதில்லை. உவளை விட்டிட்டுப் போனாப் பிறகுதான் படுது. நான் சொன்னன், நீங்கள் நம்பேல்லை."

பிறகு அண்ணையின் முதுகில் தட்டினார். "மறைப்பெண்டால் அது மறைப்பு. பக்கத்திலை போகுமட்டும் எனக்கே தெரியேல்லை. எப்பயடா கட்டினனீ?"

அண்ணை என்னைப் பார்த்தார். கிணற்றடியில் நின்றேன். முடிச்செல்லாம் உள்பக்கம் இருந்ததை அவர் கண்டிருப்பார். அப்படிக் கட்டுவது நான் மட்டும்தான்.

"நேற்றுப் பின்னேரம் மாமா," என்றார்.

நான் வாய் திறந்தால்? நான்தான் கட்டினேன் என்றால், துடக்கோடு போனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் தாராவைச் சாக்கோடு கொண்டுபோய் எறிந்தாலும் எறிவார்கள். ஐயரைக் கூப்பிட்டு வீடு கழுவுவார்கள். தாரா பட்டதை ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

துடக்கு உள்ளவள் கறிச்சட்டி தொடக்கூடாது. இறகு பிடுங்கலாம். முழுவதும் நானே பிடுங்கினேன். தலைமயிருக்குள் எல்லாம் இறகு.

இரவு கறி. எனக்குத் தனிக் கோப்பையில். நல்ல உருசி. அதனால்தான் இன்னும் கோபம்.

மார்கழி 15, செவ்வாய்

முழுகினேன். வெயில்.

மாமா அம்மாவிடம் கதைத்தது அறைக்குள் கேட்டது.

"இனி உவள் தரவைப் பக்கம் வரத் தேவையில்லை அக்கா. துடக்கோ இல்லையோ, எனக்கு மனம் ஒப்பேல்லை. குமர்ப்பிள்ளை. தையல் வகுப்பிலை சேத்துவிடுங்கோ, நாலு பேரோடை கதைச்சுப் பழகட்டும்."

அம்மா, "ஓம் தம்பி, அதுவும் சரிதான்."

அவ்வளவுதான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேசாமல் நின்றிருப்பேன், அதையும் ஓம் என்று எடுத்திருப்பார்கள்.

மார்கழி 18, வெள்ளி

இரண்டு நாள் அடைமழை. ஏரி ஏறித் திட்டு மூழ்கிவிட்டது. மறைப்பு போயிற்று. அடுத்த திட்டில் புதிதாகக் கட்ட வேண்டும். மாமா கரவெட்டியிலிருந்து நாலைந்து சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு வருகிறாராம், மருமகனின் கைவேலையைக் காட்ட.

பின்னேரம் அண்ணை பின்வேலிப் பக்கம் வந்தார். நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவரும் ஒரு நெட்டை எடுத்து ஆய்ந்தார். அவர் ஒருநாளும் முருங்கையிலை ஆய்ந்ததில்லை.

"தங்கச்சி. அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேணும்."

அடுத்த நெட்டை எடுத்தேன்.

"சொல்லியிருந்தால் உனக்குத்தான் பேச்சு விழும். யோசிச்சுப் பார்."

ஆய்ந்தேன்.

"நாளைக்கு நீ கிடுகை மட்டும் எடுத்துத் தா. நான் கொண்டுபோய்க் கட்டிறன். முதல் திட்டிலை மேற்கை வைச்சனீ. புதுத் திட்டு வேறை மாதிரி வளைஞ்சு கிடக்கு. அங்கை வாயை எந்தப் பக்கம் வைக்கிறது?"

அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அதே மறைப்புக்குள் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. திட்டு எப்படி வளைந்தாலும் வாடை வடகிழக்கால்தான்.

நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றியிராது. ஒரு சொல்லே அரிதாகச் சொல்கிறவள்.

"கிழக்கை," என்றேன். தொண்டை அடைக்கவே இல்லை.