சுகர் உன்னைக் கொல்லவில்லை, அக்கா

என் கலா அக்கா,

உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் எப்போதும் அழுகைதான் முதலில் வரும். இன்றைக்கு வரவில்லை. கோபம்தான் வருகிறது. இந்தக் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன்.

நீ போனதிலிருந்து விருத்தாசலத்தில் உன்னைப் பற்றி ஒரே பேச்சுதான். "பாவம், சுகரு இருந்துச்சு. அதான் தாங்கல." ரேஷன் கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்கிறார்கள். ஏதோ நீயே உன் உடம்புக்குள் சாவை வளர்த்து வைத்திருந்த மாதிரி.

சுகர் இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? வீசிங்கும் இருந்தது. பீங்கான் பொம்மைக்கு பெயின்ட் அடிக்கிற யூனிட்டில் வருஷக்கணக்காகத் தூசிக்குள் உட்கார்ந்தவள் நீ. உன் உடம்பு உனக்குத் தெரியாதா? அதனால்தானே கொரோனா வந்ததும் நம் தெருவில் எல்லாருக்கும் முன்னால் நீ உஷாரானாய். "எனக்கெல்லாம் வந்தா தாங்காதுடி வசந்தி" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய்!

வாசலில் வாளியும் சோப்பும் வைத்தாய். ஷேர் ஆட்டோ வேண்டாம் என்று வேகாத வெயிலில் நடந்தே வேலைக்குப் போனாய். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிட, நீ மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனாய். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேச வந்தவர்களை, "மூக்க மூடிட்டுப் பேசுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். டாக்டரம்மா என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், அக்கா.

பெண்ணாடத்துக் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நீ சொன்னபோது மாமா என்ன குதி குதித்தார்! "சொந்தக்காரன் வூட்டுக் கல்யாணம். நாளைக்கு எவன் மொகத்துல முழிக்கிறது?" நீ அசையவில்லை. "நீங்க போறதா இருந்தா போங்க. ஜாக்கிரதையா போயிட்டு வாங்க." மாமா போனார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்பி வந்து இருமினார்.

அன்றைக்கு நான் உன் வீட்டில்தான் இருந்தேன். நீ அவரிடம் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல யாருக்காச்சும் ஒடம்பு முடியலையாங்க? உண்மையச் சொல்லிடுங்க. நான் வசந்தி வூட்ல போய் இருந்துக்கறேன். ஒங்களுக்கு வேணுங்கறத வாசல்ல கொண்டாந்து வெக்கிறேன்."

"எவனுக்கும் ஒண்ணுமில்ல. பஸ்ஸுல வந்த அலைச்சல், வேற என்ன?"

அதற்கு முன்னாலேயே அவருக்கு போன் வந்துவிட்டது, அக்கா. மாப்பிள்ளை வீட்டில் ரெண்டு பேருக்கு கொரோனா என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்துகொண்டேதான் இல்லை என்றார். தெருவில் தகரம் அடிப்பார்கள், வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று பயம். உன் காரியம் முடிந்த பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது அவரே சொன்னார்.

நீ அவரை நம்பினாய். கஷாயம் வைத்துக் கொடுத்தாய், நெற்றிக்குப் பற்றுப் போட்டாய். அவர் எழுந்து உட்கார்ந்தார். நீ படுத்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தாய். கடைசியில் தூரத்தில் நிற்கவைத்து ஒரு மூட்டையைக் காட்டினார்கள். உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

பயந்ததை மன்னித்துவிடலாம். அப்போது யார்தான் பயப்படவில்லை? ஆனால் அதற்கப்புறமும் இத்தனை வருஷமாக, "அவளுக்கு சுகருங்க" என்று வாய் கூசாமல் சொல்கிறாரே, அதை எப்படி மன்னிக்க?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பிரியாவைப் பெண் பார்க்க சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். பையன் அமைதியானவன். பேச்சுக்கு நடுவே பையனோட அம்மா, "பொண்ணோட அம்மா எப்படித் தவறுனாங்க?" என்று கேட்டார்கள்.

மாமா சொன்னார்: "சுகருங்க. என்ன சொன்னாலும் கேக்க மாட்டா. வாயக் கட்டவே தெரியாது."

வாயைக் கட்டத் தெரியாதாம். உனக்கு! சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடித்த உனக்கு!

பையனோட அப்பா தயங்கினார். "எங்க பக்கமும் சுகர் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும்னா நாளைக்குப் புள்ளைங்களுக்கு..." பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

"இல்லீங்க. எங்கக்காவுக்கு சுகர் இருந்துச்சு, ஒழுங்கா பாத்துக்கிச்சு. அது செத்தது கொரோனாவுல. வூட்டுக்குள்ள வந்துருச்சுன்னு தெரிஞ்சும் அதுகிட்ட சொல்லாம மறைச்சுட்டாங்க. அதுல செத்துச்சு."

"வசந்தி, வாய மூடு!" மாமா எழுந்துவிட்டார்.

"சித்தி பேசட்டும்பா." அது பிரியாவின் குரல். அப்பா மறைத்தது அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது, அக்கா. நானும் சொல்லாமல்தான் இருந்தேன். "ஒங்களுக்குத் தெரியுமாப்பா? தெரிஞ்சுதான் அம்மா கேட்டப்ப இல்லன்னீங்களா?"

மாமா வேட்டி நுனியை இழுத்து விட்டுக்கொண்டே நின்றார். வந்தவர்கள் எழுந்து, "போயிட்டு வரோம்ங்க" என்று கிளம்பிவிட்டார்கள். நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். பிரியா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா மேல தப்பில்லன்னு இப்பதான் சித்தி தெரியுது" என்றாள். பெற்ற பிள்ளையே உன்மேல் குறை நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வளர்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நாள் கழித்து பையனோட அம்மா எனக்கு போன் செய்தார்கள்.

"சுகர் வந்தா மாத்திரை போட்டுக்கலாம்ங்க, அது பெருசில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளதச் சொல்லுற விஷயத்துல பொண்ணு ஒங்கள மாதிரியா, அவங்க அப்பா மாதிரியா?"

"அவ எங்கக்கா மாதிரிங்க" என்றேன். "அப்ப தை மாசம் வெச்சுக்கலாம்ங்களா?" என்று கேட்டார்கள்.

மாமா இப்போது வாயைத் திறப்பதில்லை. பிரியா அவருக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. அவரைப் பார்த்தால் சில நேரம் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் போகவில்லை. போக வேண்டுமா, அக்கா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தச் சபையில், எவர் கேட்டாலும், நீ எப்படிச் செத்தாய் என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன். பிரியா கல்யாணத்தன்று மண்டப வாசலில் நானே நிற்பேன். இருமிக்கொண்டு வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், "வூட்லயே இருந்து வாழ்த்துங்க, நல்லாருப்பீங்க" என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்புவேன். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
இப்போது உன் மகளுக்குத் தாயாக நிற்கிறவள்,
வசந்தி