காடா, தோட்டமா?

அண்ணே,

இன்று காலை தபாலில் என் புத்தகத்தின் மெய்ப்புப் பக்கங்கள் வந்தன. பிழை திருத்தும் பெண் கெட்டிக்காரி. ஓர் ஒற்றெழுத்தைக்கூட விடமாட்டாள். 'அவர் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். 'காட்டுக்கு' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஓரத்தில் கேட்டிருக்கிறாள்: 'காடா, தோட்டமா?'

காப்பி ஆறிப்போயிற்று. இதே கேள்வியை முன்பும் ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்துக்கு என்னைப் போலீஸ் காவலுக்கு அனுப்பியபோது எனக்கு இருபது வயது. கிள்ளானில் வளர்ந்தவன், ரப்பர் பால்மரத்தை லோரியிலிருந்து பார்த்ததோடு சரி. மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு வாசல். ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. பாலெடுக்க மரம் வெட்டப் போகிறவர்களின் பால்வாளியைத் திறந்து பார்ப்பது என் வேலை. முதல் நாளே வரிசையில் நின்ற நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஒன் அரைக்கால் சட்டையில ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம் லா" என்றீர்கள். வரிசையே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பத்தே நாளில் உங்களோடு சைக்கிளில் ஜெராமுக்கு மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே உங்கள் மலாயைக் கேட்க வேண்டுமே! "மஹால் லா, மஹால்" என்று, விலை ரொம்ப அதிகம் என்பதுபோல் தலையில் கை வைத்துக்கொள்வீர்கள். மீன்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடப் போடுவார்.

உங்கள் வாளியின் அடியில் வாழையிலைப் பொட்டலம் இருப்பது எனக்குத் தெரியும். "பத்து மணிக்கெல்லாம் கண்ணு இருட்டுது தம்பி, வெறுந்தண்ணி தாங்கல" என்று சொல்லியிருந்தீர்கள். நான் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூடி உங்களை வெளியே அனுப்பிவிடுவேன்.

ஒருநாள் எனக்குப் பதிலாக வேறொருவன் வாசலில் நின்றான்.

ஆபீஸ் அறையில் வெள்ளைக்கார அதிகாரி மலாயில் கேட்டார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். சோற்றை எங்கே கொண்டுபோகிறாய்? "காட்டுக்குத்தான். வேற எங்க போறேன் நானு?" என்றீர்கள். பால்மரம் நிற்கிற இடத்தைக் காடு என்பது, சேலத்திலிருந்து உங்கள் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்த பேச்சு. எனக்கு அது தெரியும். ஆனாலும் அவசரத்தில் வாயில் வந்தது 'ஹுத்தான்'. ஆள் ஒளிகிற அடர்காடு. அதிகாரியின் பேனா நின்றது.

உங்களுக்கு அந்தச் சொல் புரிந்துவிட்டது. "ஹுத்தான் இல்ல துவான்! கெபுன், கெபுன்!" என்று எழுந்துவிட்டீர்கள். தோட்டம் ஐயா, தோட்டம். அதிகாரி உங்களை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஹுத்தானா, கெபுனா? இவன் என்ன சொன்னான்?

நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். பயமே இல்லை, அண்ணே. நான் சரியாகச் சொல்லிவிடுவேன் என்று நம்பிய முகம் அது. இன்றும் யாராவது ஏதாவது கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்த முகம்தான் எதிரே வந்து நிற்கிறது.

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால், இன்னும் எதில் தப்பு செய்தாய் என்று கேட்பார். இத்தனை நாள் இந்த வாளியை வெளியே விட்டது யார் என்று கேட்பார். என் வேலை போய்விடும். இவ்வளவையும் ஒரே மூச்சில் நினைத்தேன்.

"ஹுத்தான், துவான்" என்றேன்.

தோட்டத்தில் தின்ற சோறு என்றால் சில மாதச் சிறையோடு போயிருக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த உங்களை, கண்ணால் பார்த்தேயிராத சேலத்துக்குக் கப்பலேற்றினார்கள். அதற்கு முன் ஒருநாள் உங்கள் வீட்டுக்காரி கம்பிவேலி ஓரமாக வந்து கேட்டார்: "நீதானே தம்பி பேசுன? அவரு என்ன சொன்னாருன்னு சொன்ன?"

"அவரு சொன்னதத்தான் சொன்னேன்க்கா."

அக்கா தலையாட்டிக்கொண்டு போனார். பிறகு அவரும் உங்கள் பின்னாலேயே கப்பலேறினார். மறு வருடம் தோட்டத்துக் கங்காணியான மண்டோருக்குக் கடிதம் வந்தது. காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று எழுதியிருந்தது.

நான் வேலையை விட்டேன், எழுத வந்தேன். தோட்டத்துப் போலீஸ்காரனின் அன்றாடத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவன் என்று பெயரும் எடுத்தேன். கணக்கெழுதும் கிராணி வீட்டு நாய், அறுந்துபோகும் சைக்கிள் சங்கிலி, என் அரைக்கால் சட்டை, ஜெராம் மீன்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை. இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக, பெயரில்லாமல், 'அவர்' என்று ஒரே ஒரு வரியில் வந்தீர்கள். அதில்தான் அவள் வட்டம் போட்டிருக்கிறாள். சொல்லை நிறுத்துப் பார்த்து எழுதுகிறவர் என்று என்னை மெச்சுகிறார்கள். திறமை இல்லை அண்ணே, பயம்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஓரத்தில் எழுதினேன்: 'தோட்டம்.' அதன் கீழே, அந்தப் பெண்ணுக்குப் புரியாது என்று தெரிந்தும் இன்னொரு வரி எழுதினேன்: 'அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் மாற்றிச் சொன்னேன்.'